விண்டோஸ் 10-க்குப் பிறகு லினக்ஸ்: கொங்கு நாட்டு அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் ஒரு வழிகாட்டி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. தம் கணினியைப் பதிவு செய்துகொண்ட தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், இன்டெல் வகையில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கணக்கு மேசைகளிலும், ஈரோட்டு ஜவுளிக் கடைகளிலும், நாமக்கல் லாரி புக்கிங் அலுவலகங்களிலும், கோவைப் பட்டறைகளிலும் இன்றும் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் பல கணினிகள் இந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன. பழுதில்லாத இயந்திரத்தைக் காயலான் கடைக்கு அனுப்புவதும், பாதுகாப்பு இல்லாத இயங்குதளத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பதும் இரண்டுமே தவிர்க்க வேண்டியவை. அவற்றைத் தவிர்க்க நினைப்பவர்களுக்காக, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தை இதுவரை தொட்டுப் பார்த்திராதவர்களை மனத்தில் வைத்து, இதை எழுதுகிறேன்.

நான் வலியுறுத்துவது ஒரு வரிசையைத்தான். முதலில் வேலைப் பட்டியல், அடுத்து மென்பொருள், கடைசியில்தான் இயங்குதளம். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஆர்வத்தோடு விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸை நிறுவுகிறார்கள். திங்கட்கிழமை காலை இன்வாய்ஸ் அடிக்க வேண்டிய நேரத்தில் எந்தக் கோப்பை எதில் திறப்பது என்று தெரியாமல் திகைக்கிறார்கள். அந்த வாரமே பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டு, லினக்ஸ் நமக்குச் சரிப்படாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். லினக்ஸின் மீது குறையில்லை; வரிசைதான் தவறு.

வேலைப் பட்டியல்

ஒரு வாரம் கணினிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் முழுவதும் நீங்கள் திறந்த ஒவ்வொரு மென்பொருளையும், செருகிய ஒவ்வொரு கருவியையும், போன ஒவ்வொரு இணையதளத்தையும் அதில் குறித்து வையுங்கள். வார முடிவில் அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்: உலாவியிலேயே முடிந்துவிடுபவை, மாற்று மென்பொருள் உள்ளவை, விண்டோஸ் இல்லாமல் நடக்கவே நடக்காதவை. முதல் வகை நீங்கள் நினைத்ததைவிட நீளமாக இருக்கும். வங்கி, மின்கட்டணம், இ-வே பில், வாட்ஸ்அப் வெப், மின்னஞ்சல், ரயில் முன்பதிவு ஆகிய அனைத்துக்கும் ஃபயர்ஃபாக்ஸோ குரோமோ இருந்தால் போதும். அந்த உலாவி எந்த இயங்குதளத்தில் ஓடுகிறது என்பது பொருட்டல்ல. பார்கோடு ஸ்கேனரும் பெரும்பாலும் கவலை தராது. யுஎஸ்பியில் செருகும் சாதாரண ஸ்கேனர் தன்னை ஒரு விசைப்பலகையாகவே கணினியிடம் அறிமுகப்படுத்திக்கொள்வதால், லினக்ஸிலும் அப்படியே வேலை செய்யும்.

மூன்றாவது வகைதான் முடிவைத் தீர்மானிக்கும். நம் பகுதியில் லினக்ஸ் என்று பேச்செடுத்ததும் வரும் முதல் கேள்வி, "ஏனுங்க, டேலி ஓடுமுங்களா?" என்பதுதான். நேர்மையான பதில், டேலிபிரைம் விண்டோஸுக்காக எழுதப்பட்ட கணக்கு மென்பொருள் என்பதே. வைன் என்னும் இடைமென்பொருள் வழியாக அதை லினக்ஸில் ஓட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு நிறுவனத்தின் வரவு செலவு முழுவதும் அடங்கிய கோப்பை அத்தகைய ஏற்பாட்டின் மீது வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கணக்கில் பரிசோதனைக்கு இடமில்லை.

டிஎஸ்சி டோக்கன் கொண்டு டிஜிட்டல் கையொப்பம் இடுவது, மேக்ரோக்கள் (கோப்புக்குள் எழுதி வைத்த சிறு நிரல்கள்) நிறைந்த எக்செல் கோப்புகளாக வரும் வரித்தாக்கல் ஆஃப்லைன் கருவிகள், எடைமேடையோடு இணைந்து ரசீது அடிக்கும் மென்பொருள், எம்பிராய்டரி இயந்திரத்தோடு உற்பத்தியாளர் தந்த மென்பொருள் ஆகியவற்றையும் இந்த வகையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குத் தீர்வு, எல்லாக் கணினிகளையும் மாற்றாமல் இருப்பது. ஐந்து கணினிகள் உள்ள அலுவலகத்தில் டேலிக்கும் டோக்கனுக்கும் என்று ஒன்றை விண்டோஸ் 11-இல் வைத்துக்கொண்டு, மற்ற நான்கை மாற்றலாம். அந்த நான்கில் இருப்பவர் எப்போதாவது டேலியைப் பார்க்க வேண்டியிருந்தால், லினக்ஸில் உள்ள ரெம்மினா என்ற மென்பொருள் மூலம் விண்டோஸ் கணினியின் திரையைத் தம் இடத்திலிருந்தே இயக்க முடியும். அதற்கு அந்தக் கணினியில் விண்டோஸின் ப்ரோ பதிப்பு இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அப்படி உள்ளே நுழைய முடியும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். வீட்டில் ஒரே ஒரு கணினிதான், அதில் டேலியும் வேண்டும் என்பவர்கள் இரண்டு இயங்குதளங்களையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். அதற்கான முறையைக் கீழே சொல்கிறேன்.

மென்பொருளை முதலில் மாற்றுங்கள், விண்டோஸில் இருந்தபடியே

புதியவர்கள் அறியாத ஒரு வசதி இது. லினக்ஸில் நீங்கள் பயன்படுத்தப் போகும் முக்கியமான மென்பொருள்கள் அனைத்தும் விண்டோஸிலும் கிடைக்கின்றன. லிப்ரேஆஃபிஸ் (அலுவலகத் தொகுப்பு), ஃபயர்ஃபாக்ஸ் (உலாவி), தண்டர்பேர்ட் (மின்னஞ்சல்), விஎல்சி (வீடியோ), கிம்ப் (படத் திருத்தம்), இங்க்ஸ்கேப் (கோட்டு வரைகலை) ஆகியவற்றை இன்றே உங்கள் விண்டோஸ் கணினியில் இலவசமாக நிறுவி, ஒரு மாதம் அவற்றிலேயே வேலை பார்க்கலாம். முட்டினால் பழைய மென்பொருள் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த ஒரு மாதத்தைத் தாண்டியவருக்கு இயங்குதளத்தை மாற்றுவது என்பது மெனு இருக்கும் இடம் மாறுவது என்ற அளவுக்குச் சிறிய செயலாகிவிடும்.

லிப்ரேஆஃபிஸில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் பலருக்குப் பிரச்சினை தொடங்குவதும் அங்கேதான். 2010-இல் ஓப்பன்ஆஃபிஸிலிருந்து பிரிந்து வளர்ந்த இந்தத் தொகுப்பில் எக்செலுக்கு இணையாகக் கால்க், வேர்டுக்கு இணையாக ரைட்டர், பவர்பாயிண்டுக்கு இணையாக இம்ப்ரெஸ் இருக்கின்றன. நீங்கள் தினமும் பயன்படுத்தும் இன்வாய்ஸ் மாதிரிப் படிவம் ஒன்றை எடுத்துக் கால்க்கில் திறந்து பாருங்கள். கூட்டலும் ஜிஎஸ்டி சதவீதக் கணக்கும், விலைப்பட்டியலிலிருந்து விலையைத் தேடி எடுக்கும் விலுக்அப் சூத்திரமும் மாறாமல் வரும். பக்க ஓரங்களும் கட்டங்களின் அகலமும் சற்று நகர்ந்திருக்கலாம். அச்சு முன்தோற்றத்தில் பார்த்து ஒருமுறை சரிசெய்து, அதையே புதிய மாதிரியாகச் சேமித்துவிடுங்கள். இலக்கங்களுக்கு இடையில் காற்புள்ளி நம் லட்சம் கோடி முறைப்படி விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் மொழி அமைப்பில் இந்திய ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்து மீண்டும் பாருங்கள். தொகையை எழுத்தால் எழுதித் தரும் மேக்ரோ ஒன்று நம் ஊர் இன்வாய்ஸ் படிவங்களில் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அது எக்செலின் விபிஏ மொழியில் எழுதப்பட்டது; சில நேரம் கால்க்கில் ஓடும், சில நேரம் ஓடாது. உங்கள் படிவத்தில் ஓடுகிறதா என்பதை இந்தக் கட்டத்திலேயே சோதித்துவிடுவது நல்லது.

வெளியே அனுப்பும் கோப்புகளுக்கு ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க மட்டும் வேண்டியவர்களுக்குப் பிடிஎஃப் அனுப்புங்கள். திருத்த வேண்டியவர்களுக்கு மட்டும் எக்செல், வேர்ட் வடிவங்களில் சேமித்து அனுப்புங்கள். உங்கள் சொந்தப் பிரதியை லிப்ரேஆஃபிஸின் இயல்பான வடிவத்திலேயே வைத்திருங்கள். கேலிப்ரி, கேம்ப்ரியா எழுத்துருக்களில் அமைந்த ஆவணங்கள் லினக்ஸில் குலையாமல் இருக்க, அதே அகல அளவுகளில் உருவாக்கப்பட்ட கார்லிட்டோ, கேலடியா என்ற இலவச எழுத்துருக்கள் உள்ளன. அவற்றை நிறுவிவிட்டால் வரிகள் அதே இடத்தில் உடையும்.

அச்சு, லேபிள், ஸ்டிக்கர் வேலை செய்பவர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும் லினக்ஸுக்கு வருவதில்லை. இங்க்ஸ்கேப் கோரலின் கோப்புகளை ஓரளவு திறக்கும். ஆனால் நான்கு வண்ண அச்சுக்கான நிறக் கையாளுகை அதன் பலமல்ல, அதற்குப் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸ் துணை வேண்டும். முழு நேர அச்சகம் நடத்துபவர் மாறுவதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும். அதே நேரத்தில், எம்பிராய்டரி வேலை செய்பவர்களுக்கு இங்க்ஸ்கேப்பின் துணைநிரலான இங்க்ஸ்டிட்ச் ஓர் அரிய வரம். கோட்டுப் படத்தைத் தையல்களாக மாற்றி, இயந்திரங்கள் படிக்கும் டிஎஸ்டி போன்ற வடிவங்களில் அது எழுதித் தருகிறது. விலை உயர்ந்த டிஜிட்டைசிங் மென்பொருள் வாங்க முடியாத சிறு பட்டறைகள் இதை அவசியம் சோதித்துப் பார்க்க வேண்டும். கோவைப் பக்கம் பம்ப், மோட்டார், வார்ப்படத் தொழில்களில் இருப்பவர்களுக்கு ஆட்டோகேடும் சாலிட்வொர்க்ஸும் லினக்ஸில் இல்லை. இருபரிமாண வரைபடத்துக்கு லிப்ரேகேடும், முப்பரிமாணத்துக்கு 2024 நவம்பரில் 1.0 பதிப்பை எட்டிய ஃப்ரீகேடும் இருக்கின்றன. வாடிக்கையாளர் ஆட்டோகேடின் டிடபிள்யூஜி கோப்பாக அனுப்பினால், டிஎக்ஸ்எஃப் வடிவில் கேட்டு வாங்குவது சிக்கலைக் குறைக்கும்.

எந்த லினக்ஸ்?

லினக்ஸ் என்பது, ஃபின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட கருநிரலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி, கெர்னல்) பெயர். அந்தக் கருநிரலோடு மற்ற மென்பொருள்களைச் சேர்த்துத் தருபவற்றை வழங்கல்கள் என்கிறோம். டெபியன், உபுண்டு, ஃபெடோரா, மின்ட், சோரின் என்று பல இருக்கின்றன. புதியவர்கள் இந்தப் பட்டியலில்தான் வாரக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள். அவ்வளவு நேரம் இதற்குத் தேவையில்லை. முதன்முறை வருபவர்களுக்கு நான் லினக்ஸ் மின்ட்டைச் சொல்வேன். கீழே பட்டியும் இடது மூலையில் மெனுவும் கொண்ட அதன் முகப்பு விண்டோஸ் பழகியவருக்கு அந்நியமாகத் தோன்றாது. ஒவ்வொரு முதன்மைப் பதிப்புக்கும் ஐந்தாண்டு அளவுக்குப் புதுப்பிப்புகள் வரும். 2024-இல் வெளிவந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. எட்டு ஜிபி நினைவகம் உள்ள கணினிக்கு அதன் சினமன் பதிப்பையும், நான்கு ஜிபி மட்டுமே உள்ளதற்கு எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஜிபியோடு பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தால், எந்த இயங்குதளத்தைப் போட்டாலும் மெதுவாகத்தான் இருக்கும். அங்கே சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்றை மாற்றிப் போடுவதுதான் முதல் வேலை.

லினக்ஸ் நமக்குப் புதிதுமல்ல. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பல வீடுகளில் அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. வாளையாற்றைத் தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் கணினி பழகுவதே லினக்ஸ் போன்ற, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளில்தான். அலமாரியில் கிடக்கும் அந்த அரசு மடிக்கணினி இன்னும் உயிரோடு இருந்தால், இந்தப் பயிற்சிக்கு அதைவிடப் பொருத்தமான கணினி கிடைக்காது. அதில் எது கெட்டாலும் வேலை நிற்காது.

கூகுளின் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ், உலாவியைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பவர்களுக்குப் பொருந்தும். ஃப்ரீபிஎஸ்டி, ஹைக்கூ போன்றவை கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்கானவை. அவற்றை விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மெய்நிகர்க் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பென்டிரைவ் தயாரித்தல்

எட்டு ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவ் ஒன்று வேண்டும். அதில் உள்ளவை முழுவதும் அழிந்துவிடும் என்பதால் கல்யாண ஆல்பம் இருக்கும் பென்டிரைவை எடுக்காதீர்கள். மின்ட்டின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பை, பதிவிறக்குங்கள். ஏறத்தாழ மூன்று ஜிபி இருக்கும். பதிவிறக்கம் இடையில் சிதைந்திருந்தால் நிறுவும்போது விளங்காத பிழைகள் வரும் என்பதால், கோப்பைச் சரிபார்ப்பதைத் தவறவிட வேண்டாம். செவன்-சிப் நிறுவிய விண்டோஸ் கணினியில் அந்தக் கோப்பின் மீது வலது சொடுக்கு செய்தால் ஷா-256 என்ற தெரிவு வரும். அது காட்டும் 64 எழுத்துகள் கொண்ட தொடரும் இணையதளத்தில் கொடுக்கப்பட்ட தொடரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பிறகு ரூஃபஸ் என்ற சிறிய மென்பொருளைத் திறந்து, பென்டிரைவையும் ஐஎஸ்ஓ கோப்பையும் காட்டித் தொடங்குங்கள். இரண்டு மூன்று வழங்கல்களை ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் வென்டாய் நல்லது. பென்டிரைவை ஒருமுறை அதற்குத் தயார் செய்துவிட்டால், அதன் பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளைச் சும்மா நகலெடுத்து வைத்தாலே போதும், கணினி தொடங்கும்போது எது வேண்டும் என்று பட்டியல் காட்டும்.

கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, இயக்கிய உடனே தொடக்கத் தெரிவுக்கான விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவா கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, அசூஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால், எஃப்2 அழுத்தி உள்ளே போய் அந்தத் தெரிவை முதலில் இயக்க வேண்டும்.

நிறுவாமல் ஓட்டிப் பார்த்தல்

இப்போது திரையில் வருவது பென்டிரைவிலிருந்து ஓடும் முழு இயங்குதளம். நீங்களாக நிறுவச் சொல்லாத வரை உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் எதையும் அது எழுதாது. கணினியை அணைத்தால் இங்கே செய்த மாற்றங்களும் மறைந்துவிடும். இந்தக் கட்டத்தில் ஒரு மணி நேரமாவது செலவிடுங்கள். பின்னால் வரக்கூடிய தலைவலிகளில் பெரும்பகுதியை இங்கேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் வைஃபை. பட்டியலில் உங்கள் வீட்டு இணைப்பு தெரிகிறதா, கடவுச்சொல் கொடுத்தால் இணைகிறதா என்று பாருங்கள். சில பழைய மடிக்கணினிகளில் உள்ள பிராட்காம் சில்லுகளுக்குத் தனி இயக்கி (டிரைவர்) தேவைப்படும். அப்படியானால் கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் மூலம் இணையத்தைக் கொடுத்துவிட்டு, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் தேவையானதை அது காட்டும். அடுத்து ஒலி, மைக், கேமரா, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள், டச்பேடில் இரு விரலால் நகர்த்துவது ஆகியவற்றைச் சோதியுங்கள். மடிக்கணினியின் மூடியை மூடி, சில நிமிடம் கழித்துத் திறந்து, அது உறக்கத்திலிருந்து ஒழுங்காக எழுகிறதா என்று பாருங்கள். பலரும் விட்டுவிடும் சோதனை இது, நிறுவிய பிறகு அதிகம் எரிச்சலூட்டும் குறையும் இதுவே.

பிறகு பிரிண்டர். எச்பியின் பெரும்பாலான மாடல்களுக்கு அந்த நிறுவனமே திறந்த மூல இயக்கிகளை வெளியிடுவதால் சிக்கல் குறைவு. ஏர்பிரின்ட் வசதியுள்ள புதிய வைஃபை பிரிண்டர்கள் இயக்கியே இல்லாமல் வேலை செய்யும். ஆனால் நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் அலுவலகங்களிலும் எங்கும் காணப்படும் கேனான் எல்பிபி 2900, கேப்ட் என்ற தனி நெறிமுறையைப் பயன்படுத்துவது. அதை லினக்ஸில் அமைப்பது புதியவருக்குக் கடினமான வேலை. உங்களிடம் இருப்பது அதுவென்றால், அதை விண்டோஸ் கணினியோடேயே விட்டுவிட்டு, பிடிஎஃப் கோப்பை அங்கே அனுப்பி அச்சிடும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

நிறுவுதல்

முதல் வேலை பிரதி எடுத்தல். ஆவணங்கள், படங்கள், டேலியின் தரவுக் கோப்புறை, உலாவியின் புக்மார்க்குகளும் கடவுச்சொற்களும் ஆகிய அனைத்தையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, அந்த நகல் வேறொரு கணினியில் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். திறந்து பார்க்காத பிரதியைப் பிரதி என்று எண்ண வேண்டாம்.

அடுத்து விண்டோஸில் இரண்டு அமைப்புகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, டிஸ்க்கை மறைகுறியாக்கிப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர். புதிய மடிக்கணினிகளில் அது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கலாம். அதன் மீட்புக் குறியீட்டை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல் தொடக்க அமைப்புகளில் கை வைத்தால், விண்டோஸ் அந்தக் குறியீட்டைக் கேட்டுக் கதவை அடைத்துக்கொள்ளும். மற்றொன்று ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது இயங்கும்போது விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. அதனால் லினக்ஸிலிருந்து டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கும் பகுதியைத் திறந்தால் கோப்புகளைப் படிக்க முடியும், எழுத முடியாமல் போகும். கன்ட்ரோல் பேனலின் பவர் அமைப்புகளில் அதை நிறுத்திவிடுங்கள்.

இரு இயங்குதளங்களையும் வைத்துக்கொள்ள எனக்குப் பிடித்த முறை, தனியாக ஒரு சிறிய எஸ்எஸ்டி வாங்குவது. மேசைக்கணினியானால் விண்டோஸ் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, புதிய எஸ்எஸ்டியில் மட்டும் லினக்ஸை நிறுவி, பிறகு கேபிளை மாட்டிவிடலாம். தவறான டிஸ்க்கை அழித்துவிடும் வாய்ப்பே அங்கில்லை. கோவை காந்திபுரத்திலோ உங்கள் ஊர்க் கம்ப்யூட்டர் கடையிலோ கடைக்காரரிடம் சொன்னால் அவரே மாட்டித் தருவார். மடிக்கணினியில் ஒரே டிஸ்க்தான் என்றால், நிறுவியில் விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவும் தெரிவை எடுத்துக்கொண்டு, எவ்வளவு இடம் ஒதுக்குவது என்று நடுக்கோட்டை நகர்த்திக் காட்டுங்கள். மின்ட் கேட்கும் குறைந்தபட்ச இடம் 20 ஜிபி. நிம்மதியாகப் பயன்படுத்த 100 ஜிபி கொடுங்கள். டிஸ்க் முழுவதையும் அழிக்கும் தெரிவும் அதே திரையில்தான் இருக்கிறது என்பதால், அடுத்த பொத்தானை அழுத்துமுன் ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். நிறுவி முடியும் வரை மடிக்கணினி சார்ஜரில் இருக்கட்டும். மேசைக்கணினி யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். பகுதிகளைச் சுருக்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் விண்டோஸ் பகுதி சேதமடையும் ஆபத்து உண்டு.

நிறுவிய பின் சில கணினிகளில் விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கித் தெரியும். வன்பொருள் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை இந்திய நேரமென்று படிக்கிறது, இதுவே காரணம். விண்டோஸின் நேர அமைப்பில் இணையத்தோடு ஒத்திசைக்கும் பொத்தானை அழுத்தினால் அப்போதைக்குச் சரியாகும். நிரந்தரமாகச் சரிசெய்ய, உள்ளூர் நேரத்தையே எழுதும்படி லினக்ஸில் ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் போதும்.

தமிழ்த் தட்டச்சு

புதிய இயங்குதளத்தில் முதலில் அப்டேட் மேனேஜரைத் திறந்து புதுப்பிப்புகள் அனைத்தையும் இறக்கிவிடுங்கள். பிறகு தமிழுக்கு வரலாம். தமிழ் எழுத்துகள் நிறுவியவுடனேயே ஒழுங்காகத் தெரியும். தட்டச்சு செய்ய, சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியையும் அதற்கான எம்17என் துணைநிரலையும் தேடி நிறுவுங்கள். மெனுவில் உள்ள உள்ளீட்டு முறை அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையுங்கள். ஐபஸின் விருப்பத்தேர்வுகளில் தமிழுக்குக் கீழே தமிழ்99, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட், பழைய தட்டச்சுப்பொறி முறை என்று பல இருக்கும். தட்டச்சுப் பயிலகத்தில் பழகியவர்கள் கடைசியானதை எடுத்துக்கொள்ளலாம். புதிதாகக் கற்பவர்கள், 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99-ஐயே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதில் "கொங்கு" என்று எழுத க, ஒ, ங, க, உ என்று ஐந்து விசைகள் போதும். புள்ளி தானாக விழும். விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம். அந்த ஒரு சொல்லைத் தட்டிப் பார்த்தாலே அமைப்பு சரியா என்று தெரிந்துவிடும்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த கோப்புகள் பலரிடம் இருக்கும். அந்த எழுத்துருக் கோப்புகளைக் கொண்டுவந்து நிறுவினால் அவை லிப்ரேஆஃபிஸிலும் அப்படியே தெரியும். ஆனால் அவை எல்லாக் கணினிகளும் புரிந்துகொள்ளும் பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடு அல்ல, தேடினால் அகப்படாது, மின்னஞ்சலில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாக மாறிவிடும். தொடர்ந்து பயன்படுத்தும் ஆவணங்களையாவது எழுத்துரு மாற்றி கொண்டு யுனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுங்கள். லினக்ஸ் பற்றியும் கட்டற்ற மென்பொருள் பற்றியும் தமிழிலேயே படிக்க விரும்புபவர்களுக்குக் கணியம் மின்னிதழில் பல ஆண்டுகளாக எழுதப்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன.

அன்றாடப் பராமரிப்பும் திரும்பும் வழியும்

மென்பொருள் வேண்டுமென்றால் இணையத்தில் தேடிக் கண்ட இடத்தில் பதிவிறக்கும் விண்டோஸ் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சாஃப்ட்வேர் மேனேஜரில் இருப்பதை மட்டும் நிறுவுவது என்று வைத்துக்கொண்டால், தீங்கு நிரலுக்கான பெரும்பாலான வாசல்கள் அடைபட்டுவிடும். டைம்ஷிஃப்ட் என்ற கருவி மின்ட்டோடு வருகிறது. அதில் வாரம் ஒரு நிலைப்பிரதி எடுக்கும்படி அமைத்துவிட்டால், ஏதேனும் புதுப்பிப்பு தகராறு செய்யும்போது முந்தைய நிலைக்குத் திரும்பலாம். டைம்ஷிஃப்ட் காப்பது இயங்குதளத்தைத்தான். உங்கள் ஆவணங்களுக்கு வெளி டிஸ்க்கில் தனிப் பிரதி வேண்டும்.

மூன்று மாதம் பயன்படுத்திய பிறகு நோட்டுப் புத்தகத்தின் மூன்றாவது வகையை எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பவற்றுக்காக எத்தனை முறை விண்டோஸுக்குள் போனீர்கள் என்பதைக் கொண்டு, அந்தப் பகுதியை வைத்துக்கொள்வதா, சுருக்குவதா என்று முடிவெடுக்கலாம். மாறாக, லினக்ஸ் வேண்டாம் என்று முடிவுக்கு வந்தால் அதை நீக்குவதற்கும் ஒரு முறை உண்டு. அவசரப்பட்டு லினக்ஸ் பகுதியை முதலில் அழித்தால் தொடக்கத் திரையிலேயே கணினி நின்றுவிடக்கூடும். முதலில் உங்கள் லினக்ஸ் ஆவணங்களை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எஃப்2 அல்லது உங்கள் கணினிக்குரிய விசையால் தொடக்க அமைப்புக்குள் போய், வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, விண்டோஸ் நேராகத் திறக்கிறது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். அதன் பின்னரே விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் லினக்ஸ் பகுதியை நீக்கி, வெற்றிடத்தை சி பகுதியோடு சேருங்கள். அந்த இடம் சி பகுதியை ஒட்டி வலப்பக்கத்தில் இருந்தால்தான் சேர்க்கும் தெரிவு ஒளிரும், இல்லாவிட்டால் அதையே டி என்ற புதிய பகுதியாக அமைத்துக்கொள்ளலாம்.